ஐந்தை நாலுக்குள் உட்கார வைக்கும் வழி

மெஷுகா என்ற மெட்டல் இசைக்குழுவைக் கேட்டதும் "இது என்ன தாளம்?" என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தால் தொலைந்தீர்கள். நான் மூன்று மாதம் அப்படித் தொலைந்தேன். ஸ்வீடனின் உமெயோவிலிருந்து வந்த அந்தக் குழுவின் ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள்) பலவற்றுக்கு அடியில் ஓடுவது வெறும் நாலு. டிரம்மர் தாமஸ் ஹாகேயின் கையை மட்டும் கேளுங்கள். சிம்பல் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று அசையாமல் போகும். ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் அடி மூன்றில் மட்டும் விழும். காலும் கிட்டாரும்தான் வேறு கணக்கில் அலைகின்றன. கூட்டம் தலையாட்டுவது கைக்கு, காலுக்கு அல்ல.

அதனால் முதல் வாரம் கை மட்டும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 அடியில் வையுங்கள். வலது கை ஹை-ஹாட்டில் (ஜோடி சிம்பல்) ஒவ்வொரு அடிக்கும், இடது கை மூன்றாம் அடிக்கு ஸ்நேரில். சலிப்பாக இருக்கும். சலித்த பிறகும் பத்து நிமிஷம் வாசியுங்கள்.

அடுத்து வாய். ஒரு அடிக்கு நாலு எழுத்து வீதம் "த-தி-கி-ண-தொம்" என்ற ஐந்து எழுத்தைச் சொல்லுங்கள், கை நாலிலேயே இருக்கட்டும். நாலு அடி சேர்ந்தது ஒரு பார். நாலு பார் என்றால் 64 எழுத்து. அதில் ஐந்து பன்னிரண்டு முறை போனால் 60, மிச்சம் 4. சொல்லிப் பார்த்தால் ஒரு அழகு தெரியும்: "த" இரண்டாவது பாரில் இரண்டாம் அடியிலும், மூன்றாவது பாரில் மூன்றாம் அடியிலும், நாலாவது பாரில் நாலாம் அடியிலும் நேராக வந்து உட்காரும். வழிதவறினால் இந்த மூன்று இடங்களில் ஏறிக்கொள்ளலாம். ஸ்நேர் வரிசையாக ண, தொம், த, தி மேல் விழும். இந்த நாலு எழுத்தையும் பயிற்சி பேடுக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கடைசி நாலுக்கு என்ன செய்வது? நம் மிருதங்கக் கோர்வையில் (முத்தாய்ப்பாக வாசிக்கும் கணக்கு) மிச்சத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு, எடுப்பிலோ (பாட்டு தொடங்கும் இடம்) இடைவெளியிலோ ஒளித்து, சமத்தில் (தாளத்தின் முதல் அடி) கச்சிதமாக இறக்குவார்கள். இங்கே அந்த மரியாதையெல்லாம் கிடையாது. பதின்மூன்றாவது முறையில் தொம்மை வெட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இனி கால். த, கி, ண மூன்றுக்கும் கிக், அதாவது காலால் மிதிக்கும் பெரிய டிரம். தி, தொம் இரண்டும் மௌனம். வழக்கமாக ண முடிந்து ஒரு மூச்சு இடைவெளி விட்டுத்தான் அடுத்த த வரும். தொம் வெட்டுப்படும் இடத்தில் மட்டும் கி-ண-த என்று மூன்று கிக் ஒட்டிக்கொண்டு வரும். கேட்பவன் கழுத்து வெடுக்கென்று திரும்புவது அங்கேதான். அந்த மூன்றாவது கிக்கில் தயக்கம் இருந்தால் எல்லாம் போச்சு.

பெரும்பாலானவர்கள் இதையெல்லாம் சரியாக வாசித்தும் க்ரூவ் (தலையாட்ட வைக்கும் ஓட்டம்) வராமல் திணறுவார்கள். எனக்கும் வரவில்லை. கிட்டார் வாசிக்கும் நண்பன், "டேய், கணக்கு வாத்தியார் மாதிரி வாசிக்கிறடா" என்றான். போனில் பதிவு செய்து கேட்டதும் புரிந்தது: ஒவ்வொரு "த"வுக்கும் என் வலது கை தன்னையறியாமல் அழுத்திக்கொண்டிருந்தது. கால் போகும் பக்கம் கை சாய்ந்தால் நாலு காணாமல் போகும். நாலு போனால் ஐந்து எதோடு மோதும்? அதற்கு மருந்து, ஐந்தைச் சொல்வதை நிறுத்திவிட்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே அதே காலை வாசிப்பது. முதல் நாள் நாக்கு காலோடு ஓடிவிடும். விடாதீர்கள்.

60-ல் நாலு பாருக்கு 16 நொடி ஆகும். ஐந்து தடவை பிசகாமல் வந்தால் வேகத்தை 5 கூட்டுங்கள். பிசகினால் 10 குறையுங்கள். ஆர்வக்கோளாறில் 2008-ல் வந்த மெஷுகாவின் "பிளீட்" பாட்டைத் தொடாதீர்கள். அது கணுக்காலின் பாடு, வேறு பாடம். மாடியில் குடியிருப்பவர்கள் கிக் பேடுக்கு அடியில் பழைய ரப்பர் பாயை இரண்டாக மடித்துப் போடுங்கள். கீழ்வீட்டு அக்கா இரண்டு முறை மேலே வந்த பிறகு கற்றுக்கொண்டது.

ஐந்து பழகியதும் ஏழு. "தகிட தகதிமி" ஒன்பது முறை போனால் 63. ஒரே ஒரு "த" அநாதையாக மிஞ்சும், உடனே சமத்தில் இன்னொரு "த". அந்த இரண்டு கிக்கையும் ஒரே கனத்தில் போட நான் இன்னும் 90-ஐத் தாண்டவில்லை.