டிவிடியில் ஃபைல்களை ரைட் செய்வது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

குடும்பப் புகைப்படங்களை டிவிடியில் போட்டு வைக்க வேண்டுமா? வேலை சுலபம்தான். ஆனால் விண்டோஸ் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி கேட்கும். யோசிக்காமல் பதில் சொன்னால், உங்கள் கணினியில் திறக்கும் டிஸ்க் வேறு எங்கும் திறக்காமல் போகலாம். அதையும், பலர் செய்யாமல் விட்டுவிடும் கடைசிப் படியையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

என்னென்ன வேண்டும்?

முதலில் டிவிடி ரைட்டர். இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை, யூஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் வாங்க வேண்டியிருக்கும். அதை யூஎஸ்பி ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் கருவி) செருகாதீர்கள், கணினியின் போர்ட்டிலேயே நேராகச் செருகுங்கள். எழுதும் நேரத்தில் டிரைவுக்கு மின்சாரம் அதிகம் தேவை. பாதியில் குறைந்தால் டிஸ்க் வீண்.

அடுத்து வெற்று டிஸ்க். சிடி-ஆர் என்றால் 700 எம்பி, ஒற்றை அடுக்கு டிவிடி-ஆர் என்றால் 4.7 ஜிபி. டிவிடியை உள்ளே போட்டதும் விண்டோஸ் 4.38 ஜிபி என்று காட்டும். பயப்பட வேண்டாம், யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1000-ஐ வைத்துக் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1024-ஐ வைத்துப் போடுகிறது, அவ்வளவுதான். ஆர்டபிள்யூ என்று போட்டிருப்பது அழித்து மறுபடி எழுதக்கூடியது. பாதுகாத்து வைக்கத்தான் என்றால் நான் ஒருமுறை மட்டும் எழுதும் ஆர் வகையையே வாங்குவேன்.

கடையில் பழைய இருப்பு கிடைத்தால் யோசித்து வாங்குங்கள். இந்தியாவில் ஒரு காலத்தில் எங்கும் கிடைத்த மோசர் பேர் டிஸ்க்கைத் தயாரித்த நிறுவனமே 2018-இல் கலைக்கப்படும் நிலைக்குப் போய்விட்டது. டிஸ்க்குக்குள் இருப்பது லேசர் பட்டால் மாறும் சாயப் பூச்சு, எழுதாமல் வைத்திருந்தாலும் அதற்கு வயதாகும்.

படி 1: சேர்த்து வையுங்கள்

எழுத வேண்டிய எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். 4.2 ஜிபியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. லேசர் உள்வட்டத்தில் தொடங்கி வெளியே நகர்ந்துகொண்டே எழுதும், வெளி விளிம்பில்தான் பிழைகள் வர வாய்ப்பு அதிகம். சி டிரைவிலும் அதே அளவு காலி இடம் இருக்கட்டும், விண்டோஸ் முதலில் அங்கே ஒரு தற்காலிக நகல் எடுக்கும்.

படி 2: அந்தக் கேள்வி

டிஸ்க்கைப் போட்டு, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டிவிடி டிரைவை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். இரண்டு தேர்வுகள் வரும்.

'லைக் எ யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ்' என்பது பென் டிரைவ் போல அவ்வப்போது ஃபைல் சேர்ப்பதற்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆர் வகை டிஸ்க்கில் அழித்த ஃபைலின் இடம் திரும்பக் கிடைக்காது. பழைய கணினிகளும் டிவிடி பிளேயர்களும் இப்படி எழுதிய டிஸ்க்கைப் படிக்காமல் போகலாம்.

'வித் எ சிடி/டிவிடி பிளேயர்' என்பதுதான் நமக்கு வேண்டியது. பெயரைப் பார்த்துப் பாட்டு, படத்துக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லா ஃபைல்களையும் மொத்தமாக ஒரே மூச்சில் எழுதும் முறை இது. இதைத் தேர்ந்தெடுத்து, டிஸ்க்குக்குச் சின்னதாக ஒரு பெயர் கொடுத்து நெக்ஸ்ட் அழுத்துங்கள்.

படி 3: எழுதுங்கள்

ஃபோல்டரை டிவிடி டிரைவுக்குள் இழுத்துப் போடுங்கள். இன்னும் எதுவும் எழுதப்படவில்லை, ஃபைல்கள் வரிசையில் காத்திருக்கின்றன. காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'பர்ன் டு டிஸ்க்' கொடுங்கள். வேகம் கேட்கும்போது 16எக்ஸ் டிஸ்க்குக்கு 8எக்ஸ் போதும். டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்குச் சுமார் 1.385 எம்பி. ஆக, 8எக்ஸில் நிறைந்த டிஸ்க்குக்கே பத்து நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். அதுவரை டிரைவை ஆட்டாதீர்கள், லேப்டாப்பைத் தூங்க விடாதீர்கள்.

உங்களிடம் இருப்பது லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ ஃபைல், அதாவது ஒரு முழு டிஸ்க்கின் நகலை ஒரே ஃபைலாக வைத்திருப்பது என்றால் வழி வேறு. அதை இழுத்துப் போட்டால் ஐஎஸ்ஓ என்ற ஒற்றை ஃபைல்தான் டிஸ்க்கில் போய் உட்காரும், அந்த டிஸ்க்கிலிருந்து கணினி பூட் ஆகாது (தொடங்காது). அந்த ஃபைலையே ரைட் கிளிக் செய்து 'பர்ன் டிஸ்க் இமேஜ்' கொடுங்கள். விண்டோஸ் 11-இல் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' உள்ளே தேட வேண்டியிருக்கலாம். அங்கே 'வெரிஃபை டிஸ்க் ஆஃப்டர் பர்னிங்' பெட்டியில் டிக் போடுங்கள்.

படி 4: படித்துப் பாருங்கள்

முடிந்தது என்று விண்டோஸ் சொன்னால், எழுதி முடித்தது என்றுதான் அர்த்தம். சரியாகப் படிக்க முடிகிறதா என்பது வேறு கேள்வி. ஒன்றிரண்டு படங்களைத் திறந்து பார்த்தால் போதாது. டிஸ்க்கை வெளியே எடுத்து மறுபடி போடுங்கள். அப்புறம் அதிலுள்ள எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தற்காலிக ஃபோல்டருக்கு காப்பி செய்யுங்கள். நடுவில் திணறாமல், பிழை காட்டாமல் முடிந்து, ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் மூலத்தோடு ஒத்துப்போனால் சரி. வேறொரு டிரைவ் கிடைத்தால் அதிலும் ஒருமுறை பாருங்கள். சில டிஸ்க்குகள் தன்னை எழுதிய டிரைவில் மட்டும் ஒழுங்காகப் படிக்கும்.

பிழை வந்தால் வேறு வேகத்தில் எழுதிப் பாருங்கள், அப்படியும் வந்தால் வேறு பிராண்ட் டிஸ்க். எல்லாம் சரியாக இருந்தாலும் மூல ஃபைல்களை அழிக்காதீர்கள், இன்னொரு நகலாவது வேறு இடத்தில் இருக்கட்டும். மேல்பக்கத்தில் பெயர் எழுத சிடி மார்க்கர்தான், பால்பாயிண்ட் பேனா வேண்டாம். ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள், சுழலும்போது எடை ஒருபக்கம் இழுக்கும். உறையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.