குரோஷே பின்னல்: நிம்மதியைக் கெடுக்கும் தவறுகள்

கொக்கி முனை கொண்ட ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் குரோஷேயைக் கற்க விரும்பும் பலர் முதலில் வாங்குவது மெல்லிய வெள்ளை நூலும் கம்பி போன்ற எஃகு ஊசியும்தான். பாட்டி பின்னிய மேசை விரிப்பு அப்படித்தான் இருந்தது என்ற நினைப்பு. தொடக்கத்தில் அது வேண்டாம். நூல் வளையமான கண்ணி எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே மனம் சலித்துவிடும். சற்றுத் தடித்த, வெளிர் நிறப் பருத்தி நூலும் 4 மி.மீ. ஊசியும் போதும். சென்னை வெயிலில் கை வியர்க்கும்போது அக்ரிலிக் நூலைவிடப் பருத்தியே சுகமாக ஓடும்.

அடுத்தது, நூலை இறுக்கி இழுப்பது. கண்ணி ஊசித்தண்டில் தடையில்லாமல் நகர வேண்டும். இறுகினால் அடுத்த வரிசையில் ஊசி நுழையாது. கட்டைவிரலும் மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கும். ஓர் அளவு பெரிய ஊசிக்கு மாறுங்கள். அரைமணிக்கு ஒருமுறை கீழே வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்குங்கள்.

பலரைக் கைவிட வைப்பது வேறொன்று. இருபது கண்ணியில் தொடங்கிய சதுரம், பத்து வரிசைக்குள் பதினைந்தாகக் குறுகி ஓரம் சரிந்துவிடும். காரணம் பெரும்பாலும் ஒன்றே: வரிசையின் கடைசிக் கண்ணி, அடுத்த வரிசைக்குத் திரும்பும்போது போடும் சங்கிலிக் கண்ணிகளின் பக்கத்தில் ஒளிந்துகொண்டு கண்ணுக்குத் தப்பிவிடும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஊக்கு மாட்டுங்கள், முடிவில் எண்ணுங்கள். தவறியிருந்தால் பிரியுங்கள். பிரிப்பதைத் தோல்வியாக நினைப்பதுதான் பெரிய தவறு. ஸ்வெட்டர் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் நிற்கும், நழுவினால் ஓடிவிடும். குரோஷேயில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். வேண்டிய இடம்வரை பிரித்து, அங்கிருந்தே அமைதியாகத் தொடரலாம். கைக்கு இவ்வளவு தாராளமாக மறுவாய்ப்புத் தரும் வேலைகள் குறைவு.

எப்போதும் தனியாகவே பின்னுவதும் ஓர் இழப்பு. 2013இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி வெளியிட்ட ஆய்வில், ஸ்வெட்டர் பின்னும் இரட்டை ஊசிப் பின்னலில் (நிட்டிங்) ஈடுபடும் 3,545 பேர் கேள்விகளுக்குப் பதிலளித்தார்கள். அடிக்கடி பின்னுபவர்கள் மனம் அமைதியடைவதாகச் சொன்னார்கள். குழுவாகப் பின்னுவது மகிழ்ச்சிக்கும் பிறரோடு பழகவும் உதவுவதாகத் தெரிந்தது. இது அவர்களே சொன்ன அனுபவம். மருந்துச் சீட்டு அல்ல. உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள், ஊசி பையிலேயே இருக்கட்டும்.

குழுவில் அனுபவசாலிகள் செய்யும் தவறு, "இங்கே கொடும்மா, நான் போட்டுத் தருகிறேன்" என்று புதியவரின் கையிலிருந்து வாங்கிக்கொள்வது. அன்பில் சொன்னாலும் அது கற்பவரை ஒதுக்கிவிடும். உங்கள் ஊசியில் மெதுவாகச் செய்து காட்டுங்கள். அவர் தன் நூலில் செய்யட்டும். 2016 ஜனவரி 31 அன்று, சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழு, சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. பல கைகள் தனித்தனியே பின்னிய துண்டுகள் சேர்ந்து உருவானது அது. பின்னர் அந்தத் துண்டுகள் போர்வைகளாகத் தேவைப்பட்டோருக்கு வழங்கப்பட்டன.

தானம் என்றதும் கேட்காமலே பின்னிக் குவித்துவிடாதீர்கள். குழந்தைகள் வார்டுக்குத் தொப்பி என்றால் எந்த நூல், என்ன அளவு, எப்படித் துவைப்பார்கள் என்று செவிலியரிடம் முதலில் விசாரியுங்கள். பிஞ்சு விரல் சிக்கும் பெரிய ஓட்டைகளும் பொத்தான்களும் வேண்டாம்.