மீன் தொட்டி நீர் மாற்றம்: வாளி தூக்காமல்

வாரம் ஒருமுறை கால் பங்கு நீர் மாற்றினால் போதும். 100 லிட்டர் தொட்டிக்கு 25 லிட்டர். முதலில் ஹீட்டர், ஃபில்டர் இரண்டையும் அணையுங்கள். சூடான ஹீட்டர் நீருக்கு வெளியே தெரிந்தால் அதன் கண்ணாடி விரிசல் விடும்.

குழாயை வாயால் உறிஞ்ச வேண்டாம். முழுவதையும் தொட்டிக்குள் அமிழ்த்தி, காற்று போனதும் ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, தொட்டியின் அடிமட்டத்துக்கும் கீழே இறக்கி விடுங்கள். நீர் தானாக ஓடும். நீளமான குழாயென்றால் நேராகச் செடிகளுக்கே விடலாம், உப்பு போட்ட தொட்டியாக இல்லாதவரை. ஃபில்டர் பஞ்சை அலச மட்டும் ஒரு குவளை பிடித்து வையுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் பஞ்சிலுள்ள நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும், பிறகு அம்மோனியா ஏறும்.

புது நீரைச் சக்கரம் வைத்த டிரம்மில் பிடித்து, குளோரின் நீக்கி மருந்து கலந்து, சிறிய நீர்மூழ்கி பம்பால் ஏற்றுங்கள். பம்ப் நீரை ஏற்றும் உயரம் தொட்டி விளிம்பைவிட அதிகமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குழாய் முனையை நீர்மட்டத்துக்கு மேலே கிளிப் போட்டு நிறுத்துங்கள். மூழ்கியிருந்தால், பம்பை அணைத்ததும் தொட்டி நீர் டிரம்முக்கே திரும்பும். வெப்பநிலை வித்தியாசம் 2 டிகிரிக்குள் இருக்கட்டும்.

குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த நீர் ஒரு நாள் திறந்து வைத்தாலும் சரியாகாது, அதற்கு அந்த மருந்துதான். டிரம் இல்லாமல் குழாயிலிருந்து நேராக நிரப்பினால், மருந்தை முழுத் தொட்டிக் கொள்ளளவுக்கும் கணக்கிட்டு முன்கூட்டியே ஊற்றுங்கள்.