கடலோரத் தரைவீட்டில் சோலார்: முதலில் போல்ட்டைக் கேளுங்கள்

சிங்கப்பூரில் சிக்லாப், பாசிர் ரிஸ் பக்கம் தரைவீட்டுக் கூரையில் சூரியத் தகடு போட்டால், 1 கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 யூனிட் கிடைக்கும். வீட்டிலேயே செலவாகும் யூனிட்டுக்கு முழுக் கட்டணமும் மிச்சம். வெளியே போகும் உபரிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்பி குழுமம் மின்கட்டமைப்புச் செலவைக் கழித்துக்கொண்டுதான் வரவு வைக்கும். அதனால் துணி துவைப்பது, மின்வாகனத்துக்குச் சார்ஜ் போடுவது எல்லாம் காலை 10 முதல் பிற்பகல் 3 வரை இருக்கட்டும். பகலில் ஆளில்லாத வீட்டுக்குக் கூரை நிறையத் தகடு எதற்கு?

விலைப்பட்டியலில் எல்லாரும் தகட்டின் பிராண்டைத்தான் பார்ப்பார்கள். உப்புக்காற்று முதலில் கடிப்பதோ போல்ட், கிளாம்ப், கேபிள் இணைப்புகளை. போல்ட் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகா என்று கேளுங்கள். 304 ரகத்தில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். எஃகும் அலுமினியச் சட்டமும் நேரடியாக உரசும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அரிபடுவது அலுமினியம்தான். நடுவில் ரப்பர் வாஷர், தனியாக எர்த் கம்பி வேண்டும். தகட்டுக்கு ஐஇசி 61701 என்ற அனைத்துலகத் தரத்தின்படி உப்புப்பனிச் சோதனைச் சான்று இருக்கட்டும்.

சாய்வு 10 பாகை இருந்தால் மழையே கழுவிவிடும். தட்டையாகப் படுத்தால் விளிம்பில் அழுக்கு தேங்கும்.

தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டரைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். தகடு 25 ஆண்டு உழைத்தாலும் இன்வெர்ட்டரை நடுவில் ஒருமுறையாவது மாற்ற நேரும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.