உடைந்த குமிழிலிருந்து 'கேட்' பாடம் நடத்துவது எப்படி?

முதல் வாரம் கோடு, அடுத்த வாரம் வட்டம், அப்புறம் எக்ஸ்ட்ரூட், அதாவது தட்டையான வடிவத்தை இழுத்து முப்பரிமாணமாக்குவது. கணினிவழி வடிவமைப்பை, அதாவது 'கேட்' லேபை, நானும் அப்படித்தான் நடத்தினேன். பரீட்சையில் எல்லாரும் வரைந்தார்கள். ஒரு பொருளைக் கையில் கொடுத்ததும், "அளவு எங்கே சார்?" என்றார்கள்.

பிறகுதான் சிக்கல்வழிக் கற்றலுக்கு மாறினேன். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் மருத்துவ மாணவர்களுக்குத் தொடங்கிய முறை இது. முதலில் சிக்கல், அதைத் தீர்க்கத் தேவையான பாடம் பின்னால் வரும்.

1. சிக்கலைத் தேடுங்கள். கைக்குள் அடங்கும், உடைந்துபோன பொருள் நல்லது. நான் எடுத்தது பழைய ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழ். "குமிழ் உடைந்துவிட்டது. நழுவாமல் திருகக்கூடிய மாற்றுக் குமிழ் வேண்டும்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். படமும் தராதீர்கள், அளவும் தராதீர்கள்.

2. முதல் வகுப்பில் கணினியைத் திறக்க வேண்டாம். நான்கு பேர் கொண்ட குழுக்களாக உட்கார்ந்து, தெரிந்தது, தெரியாதது, எப்படித் தெரிந்துகொள்வது என்று எழுதட்டும். பதில் சொல்ல உங்களுக்கு நாக்கு துறுதுறுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

3. வெர்னியர் காலிப்பரைக் கொடுங்கள். குமிழ் பொருந்தும் தண்டின் விட்டம் எங்களுக்கு 6 மி.மீ.; ஒரு பக்கம் சீவியிருந்ததால் அந்தத் திசையில் 4.5 மி.மீ. குழுவுக்குக் குழு அளவு மாறும். எல்லாவற்றையும் போர்டில் எழுதிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வார்கள்.

4. கேட்ட பிறகே கட்டளை. "ஒரு பக்கம் தட்டையான துளையை எப்படி வரைவது?" என்று கேள்வி வந்ததும் 10 நிமிடம் செய்து காட்டுங்கள். இலவச மென்பொருளான ஃப்ரீகேட் போதும். அதில் ஸ்கெட்சின், அதாவது தட்டையான அடிப்படை வரைபடத்தின், எல்லா அளவும் இடமும் நகராமல் கட்டுப்பட்டால் கோடுகள் பச்சையாகும். பச்சையாகாமல் அடுத்த படிக்கு விடாதீர்கள்.

5. அச்சிட்டுப் பார்க்கட்டும். முப்பரிமாண அச்சில் துளை பெரும்பாலும் கொஞ்சம் சுருங்கித்தான் வரும், 6 மி.மீ. துளைக்குள் 6 மி.மீ. தண்டு போகாது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாடமே போச்சு. முழுக் குமிழ் வேண்டாம், துளையுள்ள 5 மி.மீ. உயர வளையம் போதும்; சில நிமிடங்களில் வந்துவிடும். துளையை 0.1 மி.மீ. கூட்டிக் கூட்டி அச்சிடுவார்கள். மனப்பாடம் செய்த டாலரன்ஸ், அதாவது அளவில் விடக்கூடிய சின்ன வித்தியாசம், அப்போதுதான் விரலுக்குப் புரியும். எத்தனை தோல்வி என்று கணக்குப் பார்க்காதீர்கள், பிளாஸ்டிக் இழைக்கு மட்டும் முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள்.

6. மதிப்பெண். கடைசி நாளில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, "தண்டு இப்போது 6.35 மி.மீ." என்று சொல்லுங்கள். கால் அங்குலத் தண்டு நிஜமாகவே புழக்கத்தில் உண்டு. ஒரு எண்ணை மாற்றியதும் மாடல் முழுக்க ஒழுங்காக மாற வேண்டும். சிலருக்குக் குமிழே சிதறிவிடும். எந்தக் கட்டுப்பாட்டை விட்டார்கள் என்று அவர்களே கண்டுபிடித்துச் சரிசெய்தால் நான் பாதி மதிப்பெண் தருவேன்.

அடுத்த சிக்கலுக்கு மூடியும் திருகும் உள்ள சின்னப் பெட்டி ஒன்றைத் தேடி வையுங்கள், அசெம்பிளியை, அதாவது பல பாகங்களைச் சேர்த்துப் பொருத்துவதை, அதில் தொடங்கலாம்.