இலவச மாடித்தோட்டப் பயிற்சிக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பயிற்சி முடிந்து மூன்று வாரம் இருக்கும். அதற்கு வந்திருந்த ஓர் அம்மா போன் செய்தார். "தம்பி, அன்னைக்கு வாங்கிட்டு வந்த விதை எல்லாத்தையும் மறுநாளே போட்டுட்டேன். நல்லா முளைச்சிருக்கு. ஆனா எது கத்தரி, எது மிளகாய்னு தெரியல. வெண்டை மேல பாகக்கொடி ஏறுது. என்ன பண்ணட்டும்?"

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரே பையில் ஐந்து வகைச் செடிகள். பிரித்து நட வேறு பையும் இல்லை, மண்கலவையும் இல்லை. பாதியைப் பிடுங்கிப் போட வேண்டியதாயிற்று. அவர் கண் கலங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது.

தோட்டக்கலைத் துறை, வேளாண் அறிவியல் நிலையங்கள், இயற்கை வேளாண்மை ஆர்வலர்கள், குடியிருப்போர் சங்கங்கள் என்று பலரும் இன்று இலவசமாக மாடித்தோட்டப் பயிற்சி தருகிறார்கள். இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் நம் பக்கத்திலேயே, புதுச்சேரியில்தான் தொடங்கியது. கற்றுத்தர ஆள் இருக்கிறார்கள். கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் செய்யும் சில தவறுகளால்தான் அந்த உழைப்பு வீணாகிறது.

முதல் தவறு, அந்த அம்மா செய்ததுதான். கொடுக்கிற விதையை எல்லாம் வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவது. இரண்டே வகை போதும். ஒரு கீரை, ஒரு காய். கீரை மூன்று நான்கு வாரத்தில் கைக்கு வந்துவிடும், மனசுக்குத் தெம்பு கிடைக்கும். காய் பொறுமையைப் பழக்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் நாற்று விட்டு, 25 முதல் 30 நாள் கழித்துப் பிடுங்கி நட வேண்டும். வெண்டை, அவரை, கொத்தவரை, கொடிக்காய்களை நேரடியாகவே ஊன்றலாம். இந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தாலே அவருக்குப் பாதிப் பிரச்சினை வந்திருக்காது.

விதைப் பரிமாற்றம் நடந்தால், வாங்கும்போதே பொட்டலத்தின் மேல் பெயர், எடுத்த மாதம், நாட்டு ரகமா வீரிய ஒட்டு ரகமா என்று எழுதிக்கொள்ளுங்கள். வீரிய ஒட்டு ரகத்தில் நீங்கள் எடுக்கும் விதை அடுத்த முறை தாய்ச்செடி மாதிரியே வராது. வெங்காய விதை ஒரு வருடத்திலேயே முளைப்புத்திறனை இழக்க ஆரம்பித்துவிடும், பத்திரப்படுத்திப் பயனில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் விதை இளஞ்சிவப்பாகவோ வேறு நிறத்திலோ இருந்தால் அதில் பூசணக்கொல்லி என்ற நச்சு மருந்தைப் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். மிச்சமாகும் கொத்தமல்லி விதைதானே என்று அதை அஞ்சறைப் பெட்டியில் கொட்டிவிடாதீர்கள்.

விதையைவிட ஆபத்தானவை பதியன்களும் குச்சிகளும். ஆசையாக ஒருவர் செம்பருத்திக் குச்சி கொடுப்பார், நாமும் ஆசையாக வாங்கி வருவோம். கூடவே மாவுப்பூச்சியும் வரும். 2008இல் கோவைப் பக்கம் முதலில் கண்ணில் பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, கொஞ்ச காலத்திலேயே பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தோட்டம் தோட்டமாக அழித்தது. மருந்து அடித்துப் பார்த்தும் அடங்கவில்லை. கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது. அந்தப் பூச்சிக்குச் செம்பருத்தியும் பிடிக்கும். அதனால் எந்தச் செடியை வாங்கினாலும் இலையின் அடிப்பக்கத்தையும் தண்டின் கணுவையும் பாருங்கள். பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக இருந்தாலோ, தண்டில் எறும்பு வரிசையாக ஏறினாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுத்தமாகத் தெரிந்தாலும் இரண்டு வாரமாவது மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள்.

அடுத்தது, வெறுங்கையோடு போவது. "எங்க வீட்டுக் கத்தரி சரியா வரல சார்" என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. மாடியில் எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழுகிறது, ஊற்றுவது உப்புத் தண்ணீரா, பையில் என்ன கலவை போட்டீர்கள் என்பதெல்லாம் தெரிய வேண்டும். செடியை முழுசாகவும் இலையைக் கிட்டத்திலும் போனில் படம் எடுத்துப் போங்கள். முடிந்தால் பாதித்த இலையை ஒரு பாலிதீன் கவரில் போட்டு, இறுக்கிக் கட்டிக் கொண்டுபோங்கள். தொட்டியையே தூக்கிக்கொண்டு போக வேண்டாம், பூச்சியை ஊருக்கெல்லாம் கொடுத்ததாகிவிடும். அந்த அம்மா அடுத்த முறை வந்தபோது ஒரு கத்தரி இலையைக் கவரில் கட்டி எடுத்து வந்தார். பச்சையம் சுரண்டப்பட்டு இலை சல்லடை மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் மஞ்சள் நிறத்தில் கொத்தாக முட்டைகள். புள்ளி வண்டு. முட்டை இருக்கும் இலையைக் கிள்ளி நசுக்கினால் போதும், மருந்தே தேவையில்லை என்று அங்கேயே காட்ட முடிந்தது. அந்த ஒரு இலையைப் பார்த்து மொத்த வகுப்பும் கற்றுக்கொண்டது.

எல்லாப் பயிற்சியிலும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "பூ நிறைய பூக்குது, காய் நிக்க மாட்டேங்குது." கொடிக்காய்களில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் அடியில் பிஞ்சு இருக்கும். மாடியில் தேனீ வராவிட்டால், ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட வேண்டும். பயிற்சியில் பூசணிப் பூவை வைத்துக் காட்டுவார்கள். வீட்டுக்கு வந்து சுரைக்கும் பீர்க்குக்கும் அதையே காலையில் செய்து பார்த்து, பலிக்கவில்லை என்பார்கள். பூசணியும் பாகலும்தான் காலையில் மலரும். சுரையும் பீர்க்கும் மாலையில் விரியும், அவற்றுக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் மாடி ஏற வேண்டும். செயல்முறை காட்டும்போது கையைப் பார்ப்பதோடு நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரைசல்களுக்கும் இதே கவனம் வேண்டும். பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, அது தண்ணீரில் கலக்கக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். தெளிப்பது மாலையில். இயற்கைதானே, கூடினால் என்ன என்று உச்சிவெயிலில் கெட்டியாக அடித்து, இலை கருகிப்போய் வந்து நின்றவர்கள் பலர். அளவைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், நினைவை நம்பாதீர்கள்.

அப்புறம், மாடியின் பாரம். ஒரு அடி விட்டமும் ஒரு அடி உயரமும் உள்ள பையில் சுமார் 22 லிட்டர் கொள்ளும். வெறும் மண்ணை நிரப்பினால் ஈரத்தோடு 35 கிலோவைத் தாண்டும். அதனால்தான் மண்ணைக் குறைத்து, தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சேர்க்கச் சொல்கிறார்கள். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிய வேண்டும். அப்படிச் செய்யாமல் போட்டால் நாற்று நிமிராது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெயர் பதிந்துவிட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள். உங்களுக்காக நாற்றும் கலவையும் எடுத்து வைத்திருப்பார்கள், இடமில்லை என்று இன்னொருவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். வர முடியாவிட்டால் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஆடிப்பட்டத்துக்குத் தயாராக வேண்டுமானால், ஆனியிலேயே உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பயிற்சி எப்போது என்று விசாரியுங்கள். மானிய விலையில் மாடித்தோட்டத் தளை (தோட்டம் போடத் தேவையான பொருள்கள் அடங்கிய தொகுப்பு) கிடைக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்கலாம். விதை போட்டு இரண்டு மாதம் கழித்து அதே பயிற்சி மறுபடி நடந்தால் திரும்பவும் போங்கள். அப்போது உங்கள் கையில் ஒரு இலை இருக்கும்.