விளக்கு வைக்குமுன் வலையை இறக்குங்கள்: போர்னியோ ஆற்றுப் படகில் திறந்த தளத்தில் தூங்குவது எப்படி?

போன ஆகஸ்டில் நானும் அத்தானும் இந்தோனேசியாவில் இருக்கிற தஞ்சுங் புத்திங் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். ஒராங்குட்டான் பார்ப்பதற்காக. மூணு பகல், ரெண்டு ராத்திரி. தங்கியது, சாப்பிட்டது, தூங்கியது எல்லாமே செகோன்யர் ஆற்றில் ஒரு மரப்படகின் மேல்தளத்தில். முதல் ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. ரெண்டாவது ராத்திரி கிப்பன் குரங்கு கூப்பிட்டுத்தான் கண் விழித்தோம். நடுவில் எதை மாற்றினோம் என்பதை எழுதுகிறேன். நெல்லைப் பக்கத்து முண்டந்துறைக் காட்டையும் காரையார் அணையையும் பார்த்துப் பழகிய நம்மூர்க்காரர்கள் சிலர் அடுத்து இங்கே போகலாமா என்று கேட்டார்கள், அவர்களுக்காக.

இடம் பற்றிச் சுருக்கமாக. போர்னியோ தீவின் தென்பகுதியில், மத்திய கலிமந்தான் மாகாணம். பூங்கா 4,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 1971இல் பிருத்தே கால்டிகாஸ் என்ற ஆய்வாளர் ஒராங்குட்டான்களைப் பற்றி ஆராய 'கேம்ப் லீக்கி' என்ற முகாமை இங்கேதான் ஆரம்பித்தார். ஜகார்த்தாவிலிருந்து பங்கலான் பூன் என்ற ஊருக்கு விமானம், அங்கிருந்து குமாய் துறைக்குக் கார், அப்புறம் படகு. படகுக்கு 'க்ளோத்தோக்' என்று பெயர். இன்ஜின் போடுகிற சத்தத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் சமையலும் படகுக்காரர்களும், மேல்தளத்தில் நாம். மேலே கூரை உண்டு, பக்கச் சுவர் கிடையாது. விசா, டிக்கெட் விவரமெல்லாம் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை.

ஊரிலேயே முடிக்க வேண்டியது

கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே டாக்டரைப் பாருங்கள். அந்தப் பக்கம் மலேரியா உண்டு. எனக்கு எழுதிக் கொடுத்தது டாக்சிசைக்ளின். போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஆரம்பித்து, திரும்பி வந்த பிறகும் 4 வாரம் தினமும் போட வேண்டும். இதில் தூக்கத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. இந்த மாத்திரையை விழுங்கிவிட்டு உடனே படுக்கக் கூடாது. தொண்டைக்குக் கீழே தங்கி, உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ராத்திரிச் சாப்பாட்டோடு நிறையத் தண்ணீர் குடித்துப் போட்டுவிட்டு, ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். வெயிலில் தோல் சீக்கிரம் கருகவும் செய்யும், முழுக்கைச் சட்டை அவசியம். உங்களுக்கு எந்த மாத்திரை சரி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து, ஒத்திகை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ரெண்டு ராத்திரி வலை கட்டிப் படுத்துப் பார்த்தோம். இதைத் தவறாமல் செய்யுங்கள். துணி காயப்போடுகிற கம்பி போதும். வலையின் நீளம் உங்கள் காலுக்குக் காணுமா, கயிறு எவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

என்ன எடுத்துப்போக வேண்டும்

படகில் மெத்தை, தலையணை, கொசுவலை எல்லாம் தருவார்கள். ஆனாலும் சொந்த வலை ஒன்று கொண்டுபோங்கள் என்றுதான் சொல்வேன். நாலு மூலையிலும் கயிறு கட்டுகிற பெட்டி வலையாக இருக்கட்டும். மேலே ஒரே கொக்கியில் தொங்கும் குடை வலை வேண்டவே வேண்டாம். கீழே வரவர அது உள்பக்கமாகச் சரிந்து உடம்பைத் தொடும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மருந்து தோய்த்த வலை கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம் ஒரு பத்தமடைப் பாய். ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை. படகில் தருவது ஸ்பாஞ்சு மெத்தை. அந்தப் புழுக்கத்தில் அரை மணி நேரத்தில் முதுகு வேர்த்து ஒட்டிக்கொள்ளும். மேலே கோரைப்பாயை விரித்தால் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் காற்று ஓடும். கல்யாணத்துக்கு நெய்கிற பட்டுப்பாய் தேவையில்லை, சாதாரணப் பாய் போதும்.

போர்த்திக்கொள்ளச் சாரம் (லுங்கி) ரெண்டு, ஈரிழைத் துண்டு ஒன்று. கனமான போர்வை வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. தலையில் மாட்டுகிற டார்ச், சிவப்பு வெளிச்சம் உள்ளதாக. 10 மீட்டர் நைலான் கயிறு. கொசு விரட்டிக்கு டீட் கலந்த மருந்துதான் என் தேர்வு. நம்மூர்த் திண்ணைக்கு வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் சரி, அங்கே அவை ரொம்ப நேரம் தாங்காது. டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பூசிய கையோடு கண்ணாடி பிரேமையோ கடிகாரத்தையோ தொடாதீர்கள். அத்தானின் வாட்ச் கண்ணாடி ஒரே நாளில் மங்கிப்போனது.

படகு வாடகைக்குப் பேசும்போது

ஏசி அறை உள்ள படகும் இருக்கிறது. நான் திறந்த தளத்தைத்தான் சொல்வேன். ராத்திரிக் காட்டின் சத்தத்தைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போகிறோம். ஏசி ஓட ஜெனரேட்டர் விடிய விடிய ஓட வேண்டும். நம் படகில் அது இல்லாவிட்டாலும் பக்கத்துப் படகில் இருந்தால் அதே கதைதான். அதனால் சாயங்காலம் படகைக் கட்டும்போதே வழிகாட்டியிடம், "மற்றப் படகுகளை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள், பாக்" என்று கேட்டுவிடுங்கள். பாக் என்றால் அங்கே ஐயா மாதிரி. கரைமரத்தின் கிளை கூரையைத் தொடாமல் கட்டவும் சொல்லுங்கள். கிளை தொட்டால் எறும்பு வரும், விடிகாலையில் நீளவால் குரங்கும் இறங்கிப் பழத்தட்டை எடுத்துப் போய்விடும்.

போவதற்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்லது, மழை குறைவு. முன்கூட்டியே பேசிவிடுங்கள், அப்போதுதான் கூட்டமும் அதிகம்.

வலை கட்டுவது

எங்கள் முதல் ராத்திரி கெட்டது இங்கேதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அங்கே இருட்டுவது நம்மூரைவிடச் சீக்கிரம். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். முதல் நாள் அந்த நேரத்தில் கரைமரங்களில் மூக்கன் குரங்குகள் வந்து அடைந்துகொண்டிருந்தன. பெரிய ஆண் ஒன்று மூக்குத் தொங்க உட்கார்ந்து கனைத்தது. அதைப் பார்த்து நின்றோம். அப்புறம் நீபாப் பனைகளுக்கு மேலே மின்மினி. படகுக்காரர்கள் விளக்கைப் போட்டு, சாப்பாடு வைத்து, ஏழு மணிக்கு மெத்தை விரித்து வலையைத் தொங்கவிட்டார்கள். அதற்குள் கொசு, பூச்சி எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தாகிவிட்டது. வலையின் ஓரம் மெத்தைக்கு வெளியே சும்மா கிடந்தது. சார்ஜர் எடுக்க, தண்ணீர் எடுக்க என்று நாங்கள் ஆறேழு தடவை தூக்கித் தூக்கி நுழைந்தோம். விடிந்து பார்த்தால் என் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வரிசையாகத் தடிப்பு. உள்ளே புகுந்த கொசு மட்டும் அல்ல. கை வலையை ஒட்டிக் கிடந்த இடத்தில் வெளியே உட்கார்ந்தபடியே கடித்திருக்கிறது.

மறுநாள் செய்தது இது.

நாலே முக்காலுக்குக் குளியல். முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடுப்பு. ஐந்து மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே வலை. நாலு கயிற்றையும் கூரைச் சட்டத்தில் சுருக்கு முடிச்சாகப் போட்டேன். முடிச்சை நகர்த்தி இழுக்க வசதி. வலையின் மேல்பக்கத்தைக் கையால் தட்டினால் கயிற்றுக் கட்டில் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வு இருந்தால் ராத்திரிக் காற்றில் முகத்தில் விழும்.

பிறகு மெத்தையைத் தூக்கி, மூணு பக்கமும் வலையை ஒரு சாண் உள்ளே மடித்துச் செருகினேன். மெத்தைக்கு அடியில்தான் செருக வேண்டும். பாய்க்கு அடியில் செருகினால் புரளும்போது பாய் நகர்ந்து வாய் திறந்துவிடும், மொட்டைமாடியிலேயே அது தெரிந்தது. நாலாவது பக்கம், ஏணியைப் பார்த்த பக்கம், நுழைவதற்கு. அதையும் செருகியே வைத்துவிட்டேன். படுக்கப் போகும்போது ஆள் நுழையும் அளவு மட்டும் தூக்கி, குனிந்து உள்ளே போய், உள்ளிருந்தபடியே திரும்பச் செருகுவது.

முழங்கைக்கு என்ன செய்வது? துணிப்பையைச் சுருட்டி, உடம்புக்கு ரெண்டு பக்கமும் வரப்பு மாதிரி வைத்தேன். தூக்கத்தில் கை அதைத் தாண்டி வலையைத் தொடாது. கால்மாட்டில் தலையணை ஒன்று. அத்தான் கொஞ்சம் நெட்டை. "மாப்ள, கால் இடிக்குல, குறுக்க படுக்கலாமா?" என்றார். மூலைக்கு மூலை சாய்வாகப் படுத்ததும் அவருக்கும் சரியாகிவிட்டது. ஆளுக்கொரு வலை என்பதால்தான் அது முடிந்தது. ஒரு வலையில் ரெண்டு பேர் வேண்டாம்.

கடைசியாக டார்ச் அடித்து நாலு மூலையும் பார்த்தேன். உள்ளே ஒன்றே ஒன்று இருந்தது. அதை அடித்த பிறகுதான் சாப்பிடப் போனேன்.

நாங்கள் வலை கட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் எதிர்க்கரையில் ஒரு ஒராங்குட்டான் மரத்தின் மேலே கிளைகளை வளைத்து, மிதித்து, தன் படுக்கையைப் போட்டுக்கொண்டிருந்தது. பெரும்பாலும் ஒவ்வொரு சாயங்காலமும் புதிதாகக் கூடு கட்டித்தான் அது படுக்கும். தாயோடு வருஷக்கணக்கில் இருந்து கற்றுக்கொள்கிற வேலை. கிளை முறிகிற சத்தம் தண்ணீரைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது. அத்தான் கையில் கயிற்றோடு அப்படியே நின்றுவிட்டார்.

படுத்த பிறகு

வெள்ளை வெளிச்சம் வேண்டாம். வலைக்குள் போனை நோண்டினால் ஊர்ப் பூச்சியெல்லாம் வலையில் வந்து உட்காரும். டார்ச்சின் சிவப்பு வெளிச்சம் போதும். கழிப்பறை கீழே, படகின் பின்பக்கம். ஏணி செங்குத்தாக இருக்கும், ராத்திரி ஈரமாகவும் இருக்கும். ஏழரைக்கு மேல் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

விடிகாலை மூணு மணிவாக்கில் ஆற்றிலிருந்து பனி ஏறும். குளிர் பெரிதில்லை, ஈரம்தான் பிரச்சினை. போர்வை அப்பளம் மாதிரி நமுத்துவிடும். கனத்த போர்வை ஒருதடவை நமுத்தால் பயணம் முடியும்வரை காயாது. மெல்லிய சாரமாக இருந்தால், நமுத்ததை ஒதுக்கிவிட்டு, தலைமாட்டில் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்திருக்கிற ரெண்டாவது சாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த உறையைப் பகலில் திறக்கவே கூடாது. கேமராவையும் இன்னொரு உறையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

மழை வந்தால் இறக்கிவிட, தளத்தின் பக்கங்களில் சுருட்டிக் கட்டிய தார்ப்பாய் இருக்கும். எந்தக் கயிற்றை அவிழ்த்தால் இறங்கும் என்று பகலிலேயே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். மெத்தையைத் தளத்தின் நடுவில் போடுங்கள், ஓரத்தில் வேண்டாம்.

விடியும்போது கிப்பன்கள் கூப்பிட ஆரம்பிக்கும். முண்டந்துறையில் கருமந்தி விடிகாலையில் கூப்பிடுவதைக் கேட்டவர்களுக்கு உடனே அந்த ஞாபகம் வரும். இது அதைவிட நீளம், ஏறி ஏறிப் போகும் பாட்டு. வலையை விட்டு வெளியே வராமல் படுத்தபடியே கேளுங்கள். கேம்ப் லீக்கிக்குப் பிரியும் கிளையாற்றில் கட்டியிருந்தால், எழுந்து பார்க்கும்போது தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் கண்ணாடி மாதிரி நிற்கும். அழுக்கு இல்லை, சதுப்பில் மக்கிய இலைதழையின் சாயம். ஆசையாக இருக்கும், இறங்காதீர்கள். முதலை உண்டு.

சளி, காய்ச்சல் இருந்தால் முகாமுக்குள் போகாமல் படகிலேயே இருந்துவிடுங்கள். நம் சளி ஒராங்குட்டானுக்குத் தொற்றும்.

பின்சேர்க்கை 1: முழங்கால் வலி உள்ள அம்மாவைக் கூட்டிப்போகலாமா என்று கடையத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். போகலாம். ஏணிதான் சிரமம். கீழ்த்தளத்தில் முன்பக்கம் படுக்கை போட இடம் தருகிற படகா என்று முன்பணம் கட்டுமுன் கேளுங்கள். அம்மா கீழே படுத்தால் துணைக்கு ஒருவரும் கீழேயே படுங்கள்.

பின்சேர்க்கை 2: கொசுவர்த்தி கொளுத்தலாமா? கூடாது. மரப்படகு, கீழே டீசல், மேலே நைலான் வலை.

பின்சேர்க்கை 3: காரையார் அணையில் இப்படிப் படகில் தங்க முடியுமா என்று மூணு பேர் கேட்டுவிட்டார்கள். முடியாது. அது புலிகள் காப்பகம். யாராவது காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிறேன் என்றாலும் போகாதீர்கள்.

பின்சேர்க்கை 4: பாயை விமானத்தில் எப்படிக் கொண்டுபோனேன்? சுருட்டினால் 3 அடி நீளம் வரும், கையோடு உள்ளே கொண்டுபோக முடியாது. சாரத்தில் சுற்றி, பெட்டியோடு சேர்த்துக் கட்டி லக்கேஜில் போட்டேன். திரும்புவதற்கு முந்தின மதியம் படகின் முன்தளத்தில் ஒரு மணி நேரம் வெயிலில் விரித்துப் போடுங்கள். அப்படிச் செய்யாமல் ஈரத்தோடு கட்டிய ஒருவருக்கு, வீட்டுக்கு வந்து பிரிக்கும்போது பாய் முழுக்கப் பூசணம்.